பழைய நேரம், புதிய நேரம்

இணையம் வந்துவிட்டது, இனி ஆசிரியர் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இணையம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும், அதை வகுப்பறை வாசற்படி தாண்ட விடக்கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். கிழக்குக் கரையோர முஸ்லிம் பாடசாலை ஒன்றில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக விஞ்ஞானம் படிப்பித்து வருபவன் என்ற வகையில் இந்த இரு சாராரோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஒரு வலைத்தளம் வகுப்புக்குள் வந்தால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை என் கண் முன்னால் நடந்தவற்றைக் கொண்டு சொல்லலாம் என்றே இதனை எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் எங்கள் ஊரில் இணையம் என்பது பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் இருந்த கடையொன்றில், மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்துப் பார்க்கும் பொருளாக இருந்தது. பிறகு நெனசல நிலையம் வந்தது. கலத்தின் படம், சந்திர கிரகணத்தின் படம் என்று ஒவ்வொன்றாக அச்செடுத்து, அதைப் போட்டோகொப்பி அடித்து நாற்பது பிள்ளைகளுக்குப் பங்கிடுவேன். வர்ணத்தில் பார்த்தது கறுப்பு வெள்ளையில் வரும்போது செங்குருதிக் கலமும் வெண்குருதிக் கலமும் ஒரே நிறமாகிவிடும். அப்படியிருந்தும் அந்தத் தாளை மடித்து, கொப்பிக்குள் வைத்துப் பல நாட்கள் பாதுகாத்த பிள்ளைகளை நான் அறிவேன்.

பாடசாலைக்குக் கணனி அறை வந்த காலத்தில் அதற்கு முதலில் வந்தது பூட்டுத்தான். பழுதாகிவிடும் என்ற பயம். அந்தப் பயம் நீங்கியபோது கணனிகள் பழையனவாகி இருந்தன. இப்பொழுது ஆசிரியரின் கையடக்கத் தொலைபேசியும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம். டேட்டா முடிந்துவிட்டால் பாடமும் முடிந்துவிடும் என்பது வேறு விடயம்.

விஞ்ஞானத்துக்கு உதவும் தளங்களில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தை நான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். 2001 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய தளம் அது. மின்கலம், ஆளி, மின்குமிழ் ஆகியவற்றைத் திரையிலேயே தொடுத்துச் சுற்று அமைக்கலாம். அங்குள்ளவற்றில் சில தமிழிலும் கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையத் தொடர்பு இல்லாமலும் இயக்கலாம். எத்தனை மின்குமிழ் எரிந்து போனாலும் அதிபரிடம் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. இதனால் பரிசோதனை செய்யப் பயந்த பிள்ளைகள் பயம் தெளிந்தார்கள்.

எனினும் ஒன்றைக் கவனித்தேன். திரையில் உள்ள மின்குமிழ் தொடுப்புத் தளர்ந்து அணைவதில்லை. அங்கே கம்பியில் துரு ஏறுவதில்லை. உண்மையான மேசையில் மின்குமிழ் எரியாதபோது, ஏன் எரியவில்லை என்று ஒரு பிள்ளை கம்பியைத் தடவிப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் விஞ்ஞானம் இருக்கிறது. எனவே திரையில் செய்ததை மேசையில் செய்துபார்க்காமல் எந்தப் பாடத்தையும் முடிப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்.

தளங்களுக்கும் ஆயுள் உண்டு என்பதை 2020 டிசம்பர் 31 கற்றுத் தந்தது. அன்றோடு அடோபி நிறுவனம் பிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. அதனை நம்பி அமைக்கப்பட்டிருந்த எத்தனையோ பாடப் பக்கங்கள் அடுத்தடுத்த வாரங்களில் வெற்றுப் பெட்டிகளாயின. ஃபெட் போன்ற தளங்கள் தம் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றைப் புதிய முறைக்கு மாற்றிக்கொண்டன. மாற்ற ஆளில்லாதவை மறைந்தன. புத்தகத்தைக் கறையான் அரிக்க ஆண்டுகள் எடுக்கும். இங்கோ ஒரே தீர்மானத்தில் ஒரு நூலகம் போய்விடுகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த பாடத்துக்கு வருகிறேன்.

இன்று தரம் பத்தில் என் முன்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் 2004 டிசம்பர் 26 க்குப் பின்னர் பிறந்தவர்கள். சுனாமி அவர்களுக்கு ஒரு நினைவுத்தூண், ஒரு துஆப் பிரார்த்தனை, பெரியவர்கள் திடீரென்று மௌனமாகிவிடும் ஒரு பேச்சு. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அன்று இழந்தோம். அது விஞ்ஞானப் பாடமா, வரலாற்றுப் பாடமா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. எனவே வரலாறு படிப்பிக்கும் சக ஆசிரியை ஒருவரோடு சேர்ந்து இரண்டு பாடவேளைகளை ஒன்றாக்கினோம்.

அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனத்தின் வலைத்தளத்தில் அந்த நிலநடுக்கத்துக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. பருமன் 9.1. ஆழம் 30 கிலோமீற்றர். இடம் வட அகலக்கோடு 3.295, கிழக்கு நெடுங்கோடு 95.982. நேரம், சர்வதேச நேரப்படி 00:58:53. வேறு அலங்காரம் எதுவும் இல்லை. நம் ஊரின் ஆயுளை இரண்டாகப் பிளந்த காலைப்பொழுது அந்தப் பக்கத்தில் ஓர் எண்ணாக இருக்கிறது. பிள்ளைகள் அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வேலைகள் கொடுத்தோம். முதலாவது, அந்த நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றுவது. இரண்டாவது, அலை நம் கரைக்கு வர எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று கணிப்பது. மூன்றாவது, வீட்டிலும் அயலிலும் உள்ள பெரியவர்களிடம் கடல் வந்த நேரத்தைக் கேட்டு எழுதி வருவது. சொல்ல விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தக்கூடாது என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கணக்கு எளிமையானது. ஆழ்கடலில் சுனாமியின் வேகம், புவியீர்ப்பு ஆர்முடுகலையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம். ஆழத்தை 4,000 மீற்றர் என்று கொண்டால் செக்கனுக்கு 198 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 713 கிலோமீற்றர் வரும். ஆகாய விமானம் ஒன்றின் வேகத்துக்குக் கிட்டியது. நிலநடுக்க மையத்திலிருந்து கல்முனைப் பக்கத்துக் கரை ஏறக்குறைய 1,620 கிலோமீற்றர். அப்படியானால் பயண நேரம் 2 மணித்தியாலம் 16 நிமிடம் அளவில்.

பெரியவர்களிடமிருந்து வந்த விடைகளில் மணிக்கூடு குறைவு. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. “ஓதப் போன புள்ளைகள் வந்து சேர்ற நேரம்”, “கரைவலைக்காரர் வலை இழுத்துக்கிட்டு நிண்ட நேரம்”, “சந்தையால வந்து மீனக் கழுவ வெச்ச நேரம்” என்றவாறுதான் விடைகள் வந்தன. மணி சொன்னவர்களில் பெரும்பாலானோர் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் என்றார்கள். நடுவாக 8.45 என்று வைத்துக்கொண்டோம்.

சர்வதேச நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் நிலநடுக்கம் காலை 6.29 க்கு. அதிலிருந்து 8.45 வரை 2 மணித்தியாலம் 16 நிமிடம். கணித்த நேரமும் அதுவே. வகுப்பு கைதட்டியது. நானும் ஆசிரியையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. பெறுபேற்றை வீட்டில் காட்டி வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்.

மறுநாள் ஒரு மாணவி எழுந்தாள். “சேர், மூத்தம்மா கேக்கிறா, இது பழைய நேரமா புதிய நேரமா எண்டு.”

காத்திருந்த கேள்வி அதுதான். 1996 மே மாதத்தில், மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிப்பதற்காக நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். அதன் பின் 2006 ஏப்ரல் வரை நம் நாடு சர்வதேச நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முந்தியே இருந்தது. அந்தப் பத்து வருடமும் கல்யாண வீட்டுக்கு நேரம் சொன்னாலும் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டே புறப்படுவோம். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைப் பார்த்து அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்வோம். 2006 க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. தொலைபேசியைக் கேட்டால் அது இன்றைய நேரத்தைக் கொண்டே விடை சொல்லும். மூத்தம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே சுனாமி நாளன்று நம் வீட்டு மணிக்கூட்டின்படி நிலநடுக்கம் 6.59 க்கு. 8.45 வரை 1 மணித்தியாலம் 46 நிமிடம்தான். முதல் நாள் கச்சிதமாகப் பொருந்திய கணக்கு இப்பொழுது பொருந்தவில்லை. அரை மணித்தியாலம் இடிக்கிறது. வரலாறு வந்து விஞ்ஞானத்தின் விடையைக் கலைத்துவிட்டது.

ஒரு மாணவன் கடலின் ஆழத்தைக் கூட்டிப் பார்ப்போம் என்றான். 1 மணித்தியாலம் 46 நிமிடத்தில் வர வேண்டுமானால் ஆழம் 6,600 மீற்றர் அளவில் இருக்க வேண்டும். நமக்கும் சுமாத்திராவுக்கும் இடைப்பட்ட கடல் அவ்வளவு ஆழமானதல்ல. இன்னொருவன் பெரியவர்கள் நேரத்தை மறந்திருப்பார்கள் என்றான். நாற்பது வீட்டில் ஒரே மாதிரி மறப்பார்களா என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியை நான் என் நெஞ்சில் குறித்துக்கொண்டேன். வாய்மொழி வரலாற்றை இலகுவில் தள்ளிவிடுபவர்களுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

மீண்டும் அதே தளத்துக்குப் போனோம். இம்முறை நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகளைப் படத்தில் போட்டுப் பார்த்தோம். புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்திருக்கவில்லை. சுமாத்திராவின் வடக்கிலிருந்து நிகோபார் தீவுகளைக் கடந்து அந்தமான் வரைக்கும் மாலைபோல் நீண்டு கிடந்தன. கடல்தரை பிளந்தது ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு. தளம் தரும் இடக்குறிப்பு அந்தப் பிளவு தொடங்கிய புள்ளி மட்டுமே. நமக்கு நேர் கிழக்கே நிகோபார்ப் பக்கத்தில் எழும்பிய அலைக்கு 1,250 கிலோமீற்றர் அளவே தூரம். அதை 713 ஆல் பிரித்தால் 1 மணித்தியாலம் 45 நிமிடம். 6.59 க்கு எழுந்து 8.44 க்குக் கரை.

கடலின் ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல, இது மேலோட்டமான கணக்கு என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் முகத்தை நான் மறக்கமாட்டேன். வலைத்தளம் உண்மையைச் சொன்னது. மூத்தம்மாவும் உண்மையைச் சொன்னார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே என்ன நடந்தது என்பது விளங்கியது. தளத்தை மட்டும் பார்த்திருந்தால் பிழையான விடைக்குக் கைதட்டியதோடு பாடம் முடிந்திருக்கும்.

பிள்ளைகள் கொண்டுவந்த அட்டவணையில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. “வாப்பா சொல்லல்ல சேர்” என்றாள் அந்தப் பிள்ளை. அவளுடைய வாப்பாவின் முதல் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அன்று போனவர்கள் என்பது ஊரறிந்த விடயம். வரியை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றோம். சில வாரங்களுக்குப் பின் பெற்றார் கூட்டத்துக்கு வந்த அந்த மனிதர், எல்லோரும் போகும்வரை நின்று என்னிடம் கேட்டார்: “புள்ள சொன்னா... ஒண்டே முக்கால் மணித்தியாலம் இருந்தா சேர், எங்களுக்கு?”

இருந்தது என்றேன். வேறு என்ன சொல்ல? ஒண்டே முக்கால் மணித்தியாலம் கடல் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதை நமக்குச் சொல்ல அன்று இந்து சமுத்திரத்தில் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. எச்சரிக்கை முறை அதற்குப் பின்னர்தான் வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, “இதப் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுங்க சேர்” என்று சொல்லிப் போனார். பரீட்சையில் இது வராது. ஆனால் எந்தப் பாடத்தைப் படிப்பிப்பதற்கும் அதைவிடப் பெரிய அனுமதி எனக்குக் கிடைத்ததில்லை.

அலையைப் பற்றிய பாடத்தில் வரலாறு வந்து விஞ்ஞானத்தைத் திருத்தியது. அடுத்த தவணையில் ஆசிரியை தன் பாடத்துக்கு என்னை அழைத்தார். எடுத்துக்கொண்ட பொருள் காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய கல். 1409 ஆம் ஆண்டைக் குறிக்கிறது. 1911 இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அம்பாறைக் கரையிலிருந்து நாற்பது பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போகும் செலவை நினைத்துப் பாருங்கள். வலைத்தளங்களில் உள்ள படத்தைப் பெருப்பித்துப் பார்ப்பதே நமக்குக் கட்டுபடியாகும்.

ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள். மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்பு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி, தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்கு. பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று காணிக்கைப் பட்டியல் தொடங்குகிறது. செங் ஹோ யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1344 இல் இலங்கை வந்த இப்னு பதூதாவும் அந்தத் தெவிநுவரைக் கோயிலைப் பற்றித் தன் பயண நூலில் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, இந்தக் கல்லைப் பற்றி வெவ்வேறு பக்கங்களை வாசிக்கக் கொடுத்தோம். ஒவ்வொரு பக்கத்திடமும் நான்கு கேள்வி கேட்க வேண்டும். எழுதியவர் யார்? எப்போது எழுதியது? எதைக் கண்டு எழுதியது? எதைச் சொல்லாமல் விட்டது? நான்காவது கேள்விக்குத்தான் வகுப்பு சூடு பிடித்தது. கப்பல்களின் பெருமையைச் சொல்லிக்கொண்டு போன பக்கம் ஒன்று தமிழ்ப் பகுதியை ஒரே வரியில் முடித்திருந்தது. இன்னொன்றில் பாரசீகம் பெயரளவில் மட்டும் இருந்தது.

அப்போது பின் வாங்கில் இருந்த ஒருவன் கேட்டான்: “அப்ப எங்கட ஆக்கள் எந்தப் பக்கத்த வாசிச்சிருப்பாங்க டீச்சர்? தமிழையா, பாரசீகத்தையா?”

ஆசிரியை உடனே விடை சொல்லவில்லை. நானும் அதை இங்கே சொல்லப் போவதில்லை. தமிழ் பேசி, அறபெழுத்தில் தமிழை எழுதி, கடலோடி வாழ்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளை, தன்னை ஒரு கல்லின் எந்தப் பகுதியில் தேடுவது என்று கேட்கிறான். நமது இலக்கியக் கூட்டங்களில் எத்தனையோ ஆண்டுகளாக நாம் சுற்றிச் சுற்றிப் பேசும் கேள்வியை அவன் ஒரு படத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டான். பாடப்புத்தகத்தில் அந்தக் கல் சில வரிகளாகவே இருந்திருந்தால் அவன் அதைக் கேட்டிருப்பானா என்பது சந்தேகம்.

ஒரு குறையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சுமாத்திராவின் நிலநடுக்கத்தைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் கிடைக்கின்றன. செங் ஹோவைப் பற்றியும் அப்படியே. ஆனால் எங்கள் ஊரில் அந்தக் காலை எப்படி விடிந்தது, பழைய பள்ளிவாசலை யார் கட்டினார்கள், முதல் பாடசாலை எந்த வளவில் தொடங்கியது என்று பிள்ளைகள் தேடியபோது திரையில் கிடைத்தது மிகச் சொற்பம். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் வலைத்தளம் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் சிறப்பு மலர்களையும் எண்ணிமப்படுத்தி எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் அங்கே உள்ளன. அதில் தேடிய பிள்ளைகள், தம் வயதான ஆசிரியர்கள் இளமையில் எழுதிய கவிதைகளைக் கண்டு வாய் பிளந்தார்கள். ஆனாலும் நம் வீட்டு அலுமாரிகளில் இருந்து அங்கே போய்ச் சேராதவை இன்னும் எவ்வளவோ. சுனாமியில் நனைந்து போனவற்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எஞ்சியவை இருக்கின்றன.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உங்களில் பலர் எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், சஞ்சிகை நடத்தியவர்கள். உங்களிடம் கேட்பது இதுதான். நின்றுபோன சஞ்சிகையின் இதழ், பாடசாலை ஆண்டு மலர், பள்ளிவாசல் திறப்புவிழா மலர், வாப்பாவின் நாட்குறிப்பு, எதுவாயினும் பிரதி எடுத்துச் சேர்க்கக் கொடுங்கள். மூத்தம்மாமார் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எழுதும்போது அது பழைய நேரமா புதிய நேரமா என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருடத்துக்குப் பின் எங்கோ ஒரு வகுப்பறையில் ஒரு பிள்ளை கணக்குப் போட்டுப் பார்க்கும்போது, சரிபார்க்க அதற்கு நம்முடைய வார்த்தை தேவைப்படும்.